இரண்டு வீட்டுக் கையிருப்பு

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு இரண்டு பெயர். நேரே பேசும்போது மேடம். அவள் கதவைத் தாண்டியதும் கறார். 'கறார் விலை' என்று பலகை மாட்டிய கடையில் பேரம் பேசப் போகிறவனுக்கு என்ன கிடைக்குமோ, அதுவேதான் அவளிடம் சலுகை கேட்டுப் போகிறவர்களுக்கும் கிடைத்து வந்தது. நகரத்து மின்சாரக் கம்பெனியில் பகல் ஷிப்டுக்கு அவள்தான் பொறுப்பு. ஊர் முழுக்க எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை மோட்டார் ஓடுகிறது, அதற்கு எந்த மின்நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று விநாடிக்கு விநாடி ஈடுகட்டுகிற வேலை. வேறு எந்த வியாபாரத்திலும் விற்காததைக் கிடங்கில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இந்தச் சரக்குக்குப் பெயருக்குக்கூடக் கிடங்கு கிடையாது. பிறந்த கையோடு செலவாகிவிட வேண்டும்.

அன்று காலை அவள் செருப்பு மாட்டும்போது கணவர் ஒரு செய்தி சொன்னார். செய்தி அவருடையதல்ல, அவர் தங்கையுடையது. அவளுக்கு நாத்தனார்.

நாத்தனாருக்கும் அவளுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. நாத்தனார் ஊரின் கிழக்கு ஓரத்தில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறாள். முட்டைகளை மின்சார அடைக்கூட்டில் இருபத்தொரு நாள் ஒரே சூட்டில் வைத்துக் காக்கிற தொழில். சூடு ஒரு பாகை ஏறினாலும் நஷ்டம், இறங்கினாலும் நஷ்டம். அவளுடைய தெரு, வெட்டுப் பட்டியலின் முதல் வரியில் இருந்தது. அதாவது மின்சாரம் போதாமல் போய் எங்காவது நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் இருட்டாகிற தெருக்களில் ஒன்று. அதைக் கொஞ்சம் கீழே தள்ளி வை என்று நாத்தனார் கேட்டாள். உன்னைத் தள்ளினால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி வருவாள், அவளும் யாருக்கோ நாத்தனார்தான் என்று இவள் சொன்னாள். சொன்னதில் தப்பில்லை, சொன்ன தோரணையில் இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அந்த நாத்தனாரே வாய் திறந்திருக்கிறாள் என்றால் விஷயம் சின்னதில்லை. இன்றைக்கு இருபத்தொன்றாம் நாள், ஆறாயிரம் முட்டை ஓடு விரிகிறது, ஜெனரேட்டர் மெக்கானிக் பட்டறையில் குடல் வெளியே தெரியக் கிடக்கிறது. மதியம் அரைமணி நேரம் மின்சாரம் போனாலும் அத்தனையும் ஓட்டுக்குள்ளேயே அவிந்துவிடும். இதைக் கணவர் சொல்லி முடித்ததும் அவள் வாசலில் நின்றபடி ஒருமுறை திருப்பிச் சொன்னாள்: இருபத்தொன்றாம் நாள், ஆறாயிரம், அரைமணி. அவர் "சரி" என்றார். பழக்கம் அப்படி. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்டு 'சரி' போட வேண்டும். அதுவரை அது பேச்சே இல்லை. இந்த வியாதி வீட்டுக்கும் வந்து, அந்த மனிதர் இருபது வருஷமாகக் கறிகாய்ப் பட்டியலைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறார்.

கட்டுப்பாட்டு அறையில் நேர்வழித் தொலைபேசி ஒன்று உண்டு. எண்களே இல்லாத தொலைபேசி. எடுத்தால் பக்கத்து மின்சாரக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் எடுப்பவர் ஒருவரே. அவர் முகத்தை இவள் பார்த்ததில்லை, இவள் முகத்தை அவரும் பார்த்ததில்லை. இரண்டு கம்பெனிக்கும் நடுவே கம்பி இழுத்து இணைத்த அன்று, "பொண்ணு குடுத்தது நீங்களா நாங்களா தெரியல, ஆனா இனிமே நாம சம்பந்தி" என்று அவர் சொன்னார். அன்று முதல் இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றே அழைத்துக்கொண்டார்கள். சம்பந்தி உறவின் லட்சணமெல்லாம் அதில் இருந்தது. வெளியில் மரியாதை, உள்ளுக்குள் யார் வீடு உசத்தி என்ற எண்ணம், ஆபத்து என்றால் பந்தியில் பாதியில் எழுந்து ஓடி வருவது.

தினமும் காலை பத்து மணிக்கு இரு சம்பந்திகளும் கையிருப்பு சொல்லிக்கொள்வார்கள். இரண்டு கம்பெனியிலும் சேர்த்து மிகப் பெரிய எந்திரம் இவள் பக்கத்துக் கடலோர நிலையத்தில் இருந்தது. ஐந்நூறு மெகாவாட். அது திடீரென்று படுத்துவிட்டால் பத்து நிமிடத்துக்குள் ஈடு செய்ய, ஆளுக்கு இருநூற்றைம்பது எப்போதும் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முன்பெல்லாம் எந்த நிலையத்தில் எவ்வளவு என்று பெயர் பெயராகச் சொல்வார்கள். பத்து நாள் முன்னால் ஆறாவது மாடியிலிருந்து உத்தரவு வந்தது: இனிமேல் மொத்தம் மட்டும் சொன்னால் போதும்.

ஆறாவது மாடி என்பது வணிகப் பிரிவு மேலாளர். ஆளைவிட மாடிக்குத்தான் பெயர். எல்லையில் புதிதாக வருகிற தொழிற்பேட்டைக்கு யார் மின்சாரம் தருவது என்று இரண்டு கம்பெனியும் மல்லுக்கு நிற்கிற நேரம். நம் நிலையங்களில் எது ஓடுகிறது, எது படுத்திருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் பேரத்தில் நம் கழுத்தைப் பிடிப்பான் என்பது அவர் வாதம். வியாபாரம் தெரிந்த வாதம்தான். அந்தப் பக்கத்திலும் ஒரு புத்திசாலி இருந்திருக்க வேண்டும். அங்கேயும் இதே உத்தரவு. அன்றிலிருந்து சம்பந்திகள் இருவரும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மாட்டுத் தரகர்கள் மாதிரி, மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அன்று காலையும் அப்படியே. உங்கள் பக்கம் இருநூற்றைம்பது, எங்கள் பக்கம் இருநூற்றைம்பது, சரி, சரி.

வெயில் அன்று மண்டையைப் பிளந்தது. மின்தேவையை முன்கூட்டிக் கணிக்கிறவருக்கு அந்த அறையில் ஜோசியர் என்று பெயர். அவர் வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு உச்சம், இந்த வருஷத்திலேயே பெரிய உச்சம் என்றார். அவர் வாக்கு பலிக்கும். அதுதான் அவரிடம் எல்லாருக்கும் இருந்த குறை.

பன்னிரண்டே முக்காலுக்கு அணைக்காரர் பேசினார். மலையடிவாரத்தில் இருக்கும் அணை மின்நிலையம் இரண்டு கம்பெனிக்கும் பொதுச் சொத்து. இரண்டு எந்திரம், ஆளுக்கொன்று, ஒவ்வொன்றும் நூற்றிருபது. ஒன்று பழுதுபார்ப்பில் இருந்தால், இப்போது இருப்பது போல, மிச்சமிருக்கும் ஒன்றை மாதம் ஒருவர் முறை வைத்துக்கொள்வது. தண்ணீர்க் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் போட அரைமணி வேண்டும், பக்கத்துக் கம்பெனியைக் கேட்டேன், நாலு மணிக்கு மேல் செய்யச் சொன்னார்கள், உங்கள் காதிலும் போட்டு வைக்கிறேன் என்றார்.

அவங்களை எதுக்குக் கேட்டீங்க என்று அவள் கேட்டாள்.

"மாசம் பொறந்து நாலு நாள் ஆச்சேம்மா. இப்ப அவங்க முறைதானே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எதிரே திரையில் இருந்த அவளுடைய கையிருப்புப் பட்டியலில் இரண்டாவது வரி: அணை, நூற்றிருபது. போன மாதத்து வரி. நாலு நாளாக மாற்றாத வரி. அந்தப் பக்கமும் இதே நூற்றிருபதை எண்ணித்தான் இருநூற்றைம்பது சொல்லியிருக்கிறார்கள். ஒரே பெண்ணை இரண்டு வீட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணிய கதை. பெயர் சொல்லிப் பேசியிருந்தால் முதல் நாளே, அணை என்று அவள் வாய் திறந்ததுமே, "அது இந்த மாசம் எங்களது சம்பந்தி" என்று பதில் வந்திருக்கும். மொத்தத்துக்கு அந்த வாய் கிடையாது.

ஆக, பெரிய எந்திரம் விழுந்தால் நூற்றிருபது குறையும். வெட்டுப் பட்டியலின் முதல் வரியை வெட்டினால் மிச்சமாவதும் நூற்றிருபதுதான். அந்த வரிக்குள் ஆறாயிரம் முட்டை ஓடு விரித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் வீட்டு முட்டை என்பதற்காக அவள் போனை எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதற்காக மட்டும் எடுத்தாள் என்றாலும் பொய்தான். தன் ஷிப்டில், தன் எழுத்துப் பிழையால் என்பதும் அதில் பாதி.

ஆறாவது மாடிக்குப் பேசினாள். நடந்ததைச் சொல்லி, பக்கத்துக் கம்பெனியிடம் பெயர் விவரத்தோடு பேச அனுமதி கேட்டாள். அந்தப் பெரிய எந்திரம் வருஷத்தில் எத்தனை தடவை விழும் என்று அவர் கேட்டார். இரண்டு தடவை, மூன்று தடவை என்றாள். அது இன்றைக்கேதான் விழ வேண்டுமா என்று கேட்டார். சொந்தக் கையிருப்பையே எண்ணத் தெரியாதவர்கள் என்று தொழிற்பேட்டைப் பேச்சில் நம்மைக் கிழித்துவிடுவார்கள், கூட்டம் முடியட்டும், "பார்த்துச் சொல்றேன்" என்றார். கடைவீதியில் 'பார்த்துச் சொல்றேன்' என்றுவிட்டுப் படியிறங்கிய வாடிக்கையாளர் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவள் ஜோசியரைப் பார்த்தாள். அவர் தன் திரையைப் பார்த்தார். "மூணு மணிதான். மாத்தமில்ல" என்றார், அந்த உச்சத்தை அவர்தான் அனுப்பி வைப்பது போன்ற வருத்தத்தோடு.

நேர்வழித் தொலைபேசியில் பேசுவது எல்லாம் பதிவாகும். பிற்பாடு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மழுப்ப முடியாது. அவள் அதை எடுத்தாள்.

"சம்பந்தி, நான் தப்பா எண்ணிட்டேன். அணையை நாலு நாளா என் பக்கம் வெச்சிருக்கேன். என் கையில இருநூத்தம்பது இல்ல. நூத்தி முப்பதுதான்."

அந்தப் பக்கம் அவர் அதைத் திருப்பிச் சொன்னார்: அணை உங்களுக்கு இல்லை, உங்கள் கையிருப்பு நூற்று முப்பது. அவள் 'சரி' என்றாள். பதினோரு வருஷத்தில் தன் பிழைக்கு அவள் போட்ட முதல் 'சரி'. கேலி வரும் என்று அவள் காதைக் கடினமாக்கிக்கொண்டாள். வரவில்லை.

"நீங்க வாயைத் திறந்தீங்களேன்னு சொல்றேன்" என்றார் அவர். "என் பட்டியல்ல எரிவாயு எந்திரம் ஒண்ணு, அறுபது. காலையில ரெண்டு தடவை கிளப்பிப் பார்த்தோம், கிளம்பல. மூணாவது தடவை கிளம்பிடும்னு உள்ள எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு நம்பிக்கை இல்ல."

அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். அறுபதைச் சந்தேகத்தில் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றெண்பது பள்ளம். இருவரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பத்து நாளாக எதிரெதிரே உட்கார்ந்து ஏப்பம் விட்டிருக்கிறார்கள்.

"உங்க மேலிடத்துல சொல்லிட்டீங்களா?" என்று அவர் கேட்டார்.

"பார்த்துச் சொல்றேன்னாங்க."

"எங்க பக்கமும் அதே கடைதான்" என்றார் சம்பந்தி.

அதற்குமேல் வேலை ஓடியது. இவள் ஊரில் ஓர் உருக்காலை இருந்தது. சொன்னால் ஐந்து நிமிடத்தில் உலையை நிறுத்த வேண்டும் என்பது அவர்களோடு போட்ட ஏற்பாடு. இரண்டு உலைக்கும் எண்பது. உருக்காலை மேலாளர் ஒரு உலை தருகிறேன், மற்றொன்றில் இரும்பு பாதி வெந்திருக்கிறது என்று பேரத்தை ஆரம்பித்தார். அவள் இரண்டும் வேண்டும் என்றாள். ஒன்றரை என்றாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதற்கு, உலையில் அரை எப்படி அணைப்பது என்று கேட்டாள். கடைசியில் பாதி வெந்ததை இரண்டு மணிக்குள் ஊற்றி முடித்துவிட்டுத் தயாராக நிற்பதாக ஒப்புக்கொண்டார். சம்பந்தி தன் ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளைச் சீக்கிரமே நிரப்பச் சொல்லி, வேண்டும்போது நிறுத்தத் தோதாகப் பம்புகளில் ஐம்பதைக் கையில் எடுத்தார். பிறகு தனக்கு மலைக்கு அந்தப் புறம் இன்னொரு சம்பந்தி இருப்பதாகவும், சின்னக் கம்பெனி, பெரிய மனசு என்றும் சொல்லிவிட்டு அங்கே பேசி அறுபது வாங்கிக் கொடுத்தார். எண்பது, ஐம்பது, அறுபது. பள்ளம் மூடிப் பத்து மிச்சம். ஒவ்வொன்றும் பெயரோடு சொல்லப்பட்டு, பெயரோடு திருப்பிச் சொல்லப்பட்டது. எல்லாம் பதிவில்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கடலோர எந்திரம் விழுந்தது.

விழுந்தது என்றால் சத்தமொன்றும் கேட்காது. சுவரில் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் காட்டும் பெரிய எண், ஐம்பது என்று நின்றுகொண்டிருந்தது, நாற்பத்தொன்பதரைக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அறை விளக்குகள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தன. ஊரில் ஓடுகிற அத்தனை எந்திரமும் மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி மூச்சு வாங்கியது. பத்து நிமிடத்தில் எண் ஏறவில்லை என்றால் முதல் வரியை அவளே தன் கையால் வெட்ட வேண்டும். அந்த விசை அவள் வலது முழங்கைப் பக்கம் இருந்தது. வெட்ட வேண்டி வந்தால் அவள் வெட்டியிருப்பாள். அதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகமில்லை, அவளுக்கும்.

சம்பந்தி ஏற்கெனவே தொலைபேசியில் இருந்தார். அணையைத் திறந்துவிட்டேன் என்றார். அவள் திருப்பிச் சொன்னாள். தன் நூற்று முப்பதை ஏற்றிவிட்டேன் என்றாள். அவர் திருப்பிச் சொன்னார். மூன்றாவது நிமிடம் உருக்காலையின் இரண்டு உலையும் அணைந்தன. நாலாவது நிமிடம் பம்புகள் நின்றன. ஐந்தாவது நிமிடம், எதற்கும் இருக்கட்டும் என்று எரிவாயு எந்திரத்தைக் கிளப்பிப் பார்த்தார்கள். அது மூன்றாவது முறையும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. சுவரில் எண் நாற்பத்தொன்பதே முக்காலில் நின்று யோசித்தது. ஜோசியர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. ஏழாவது நிமிடம் மலைக்கு அந்தப் புறத்து அறுபது வந்து சேர்ந்தது. எண் ஒரு படி ஏறியது. இன்னொரு படி. ஒன்பதாவது நிமிடத்தில் ஐம்பதைத் தொட்டு, தொட்டதை நம்பாமல் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து நின்றது.

இரண்டு ஊரிலும் ஒரு தெருகூட இருட்டாகவில்லை. லட்சக்கணக்கான பேர் அந்த ஒன்பது நிமிடத்தில் துணி தேய்த்துக்கொண்டும், பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டும், லிப்டுக்குள் கண்ணாடி பார்த்துத் தலைவாரிக்கொண்டும் இருந்தார்கள். இந்தத் தொழிலில் வெற்றிக்கு அடையாளம் அதுதான்: யாருக்கும் தெரியாது.

ஆறாவது மாடிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் விளக்கு கண் சிமிட்டியதைப் பார்த்து அவர் லிப்டைக்கூட நம்பாமல் படியிறங்கி வந்தார். பெயர் சொல்லிப் பேசினாயா என்று கேட்டார். பேசினேன், பதிவில் இருக்கிறது என்று சொல்லி அவள் அதைப் போட்டே காட்டினாள். அவர் நின்றபடி கேட்க ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து எரிவாயு எந்திரம் வந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்களும் மறைச்சிருக்காங்க" என்றார்.

"நாம மறைச்சதும் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு சார். ஆளுக்கு ஒண்ணு. மேசையில யாரும் யாரையும் கிழிக்க முடியாது."

வியாபாரி என்றால் எந்த இடத்தில் கையை விரிக்க வேண்டும் என்று தெரிந்தவன், அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் தன் அறைக்குப் போய்ப் பக்கத்துக் கம்பெனியில் தன்னைப் போன்ற ஒருவரோடு நெடுநேரம் பேசினார். ஷிப்டு முடிகிற நேரத்துக்கு ஒரு தாள் வந்தது. மேல் பாதியில், அனுமதியின்றி விவரம் சொன்னதற்கும் பட்டியலை நாலு நாள் திருத்தாததற்கும் அவளிடம் விளக்கம் கேட்டிருந்தது. கீழ்ப் பாதியில், நாளை முதல் கையிருப்பை நிலையத்தின் பெயரோடு சொல்ல வேண்டும் என்று எழுதி இரண்டு கம்பெனிப் பெயரும் போட்டிருந்தது. தாளை மிச்சம் பிடித்திருக்கிறார் என்றார் ஜோசியர்.

அவள் வீட்டுக்குப் போகாமல் கிழக்கே போனாள். பொரிப்பகத்தின் உள்ளே வெம்மையும் ஈர இறகின் வாடையும், ஆறாயிரம் ஊசியால் தகரத்தைத் தட்டுவது போன்ற கீச்சொலியும் நிறைந்திருந்தன. அடைக்கூட்டின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். சில முட்டைகளில் விரிசல், சிலவற்றில் ஒரு அலகு, மற்றவை எல்லாம் குஞ்சாகி வெளியே வந்து நனைந்த நூல்கண்டு மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தன.

நாத்தனார் தட்டோடு வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சே கேள்விதான்.

"மூணு மணி வாக்குல லைட்டு ஒரு தடவை கண்ணடிச்சுது. நீங்கதானா அண்ணி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். தன் பிழையில் ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நாத்தனார் தட்டை இடுப்பில் இடுக்கியபடி கேட்டாள். எங்கள் தெரு இன்னும் முதல் வரிதானே என்றாள். முதல் வரிதான் என்றாள் இவள். அடுத்த முறை உன் ஜெனரேட்டர் சரியாகி ஓடிப் பார்த்த பிறகு முட்டையை அடுக்கு என்றும் சொன்னாள். இந்தத் தடவை தோரணையைப் பார்த்துச் சொன்னாள். நாத்தனார் முகம் சுளித்தாள், ஆனால் திரும்பிக்கொள்ளவில்லை. அந்தச் சம்பந்தி ஆள் எப்படி, கறுப்பா சிவப்பா, என்ன வயசு என்று கேட்டாள்.

"தெரியாது. நான் பார்த்ததில்ல."

"பார்த்ததே இல்லையா? பதினோரு வருஷமா?" நாத்தனார் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "முகம் தெரியாத ஒரு ஆளை நம்பியா என் ஆறாயிரத்தையும் விட்டீங்க?"

"அவரும் முகம் தெரியாம என்னை நம்பித்தான் அவர் ஊரை விட்டிருக்கார்."

நாத்தனார் தட்டை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வாங்க, மேல் தட்டுக் குஞ்செல்லாம் காய்ஞ்சிடுச்சு, எடுக்க ஆள் பத்தல என்றாள். அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.